ராணித் தேனீ யாருக்கும் ஆணையிடுவதில்லை

எறும்பைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள் என்று சொல்லி ஆறாம் வகுப்பில் ஆளுக்கொரு தாள் கொடுத்துப் பாருங்கள். ஒளிச்சேர்க்கையைப் பற்றிக் கேட்டால் பாதித் தாள் வெறுமையாகத் திரும்பும். எறும்பு என்றால் பின்பக்கமும் நிரம்பிவிடும். கறுப்பு எறும்பு பிள்ளையார் எறும்பு, அது கடிக்காது. சிவப்பு எறும்பு கெட்டது. மாமரத்து முசுறு கடித்தால் கண்ணில் தண்ணீர் வரும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால் மழை வரும். தெரியாமல் எறும்பைத் தின்றுவிட்டால் கண்பார்வை நன்றாக இருக்கும். எறும்புக்கு ஓய்வே கிடையாது. எறும்புக் கூட்டத்துக்கு ஒரு ராணி உண்டு, அது சொல்வதை மற்ற எறும்புகள் கேட்கும்.

இவற்றில் சில, குழந்தை தன் கண்ணால் கண்டவை. சில, பாட்டியிடம் கேட்டவை. சில, தொலைக்காட்சிக் கார்ட்டூனிலிருந்து வந்தவை. மூன்றும் ஒன்றாகக் கலந்தே மாணவர் மனத்தில் இருக்கின்றன. 'சமூகப் பூச்சிகள் என்பவை யாவை?' என்று வரையறையில் பாடத்தைத் தொடங்கினால் இந்த அறிவு எதையும் நாம் தொடுவதே இல்லை. மாணவர் தேர்வில் வரையறையை எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார். ராணி ஆணையிடுகிறது என்ற எண்ணம் அப்படியே இருக்கும். எனவே எழுதிய தாள்களைத் திருத்தாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவைதாம் இந்தப் பாடத்துக்கான துணைக்கருவி.

வரையறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாயும் பிள்ளைகளும் ஒரே கூட்டில் சேர்ந்து வாழ வேண்டும். குஞ்சுகளைப் பலரும் சேர்ந்து வளர்க்க வேண்டும். சில மட்டுமே இனப்பெருக்கம் செய்ய, மற்றவை உழைக்க வேண்டும். இம்மூன்றும் பொருந்துபவை எறும்புகள், கரையான்கள், தேன்கூடு கட்டும் தேனீக்கள், குளவிகளில் ஒரு பகுதி. உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை என்பது மாணவர்களுக்கு மட்டுமல்ல, நம்மில் பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும். எண்ணிக்கையில் எறும்புகளை மிஞ்சுவது கடினம். உலகிலுள்ள எறும்புகள் ஏறத்தாழ 20 ஆயிரம் இலட்சம் கோடி என்று 2022இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதினால் 2ஐ அடுத்து 16 சுழிகள் வரும். மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

மகுடம் வைத்த எறும்பு

எழுத்தை விடப் படம் அதிகம் சொல்லும். 'மண்ணுக்குள் எறும்புப் புற்று எப்படி இருக்கும்? உள்ளே யார் யார் இருப்பார்கள்? வரைந்து பெயர் எழுதுங்கள்' என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் குறுக்கிடாமல் இருங்கள். திரும்பி வரும் படங்களில் பெரும்பாலும் சிலவற்றைப் பார்க்கலாம். ராணி நடு அறையில் நாற்காலியில் அமர்ந்திருக்கும். தலையில் மகுடம் இருக்கும். வாசலில் வேல் பிடித்த சிப்பாய். மூட்டை சுமக்கும் எறும்புக்கு மீசை. கால்கள் நான்கோ எட்டோ இருக்கும். அவை வயிற்றிலிருந்து கிளம்பும்.

கால்களின் எண்ணிக்கையை ஒரு கைவில்லை கொடுத்தால் மாணவரே திருத்திக்கொள்வார். ஆறு கால்களும் மார்புப் பகுதியிலிருந்தே வருகின்றன என்பதை ஒரு செத்த கட்டெறும்பு காட்டிவிடும். மீசை கொஞ்சம் கடினம். எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றில் வேலை செய்பவை அனைத்தும் பெண்கள். ஆண்கள் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் தோன்றி, இணைசேர்ந்த பின் இறந்துவிடுகின்றன. ஆனால் குழந்தைகள் பார்க்கும் படங்களில் நிலைமை வேறு. 1998இல் வந்த 'ஆன்ட்ஸ்', 'எ பக்ஸ் லைஃப்' ஆகிய இரண்டு படங்களிலும் நாயகன் ஆண் வேலைக்கார எறும்பு. 2007இல் வந்த 'பீ மூவி'யிலும் நாயகன் ஆண் தேனீ. அதற்குக் கொடுக்கு வேறு உண்டு. ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு உருமாறி வந்தது. முட்டையிடாத பாலுக்கு அது எப்படி இருக்கும்? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டால் எட்டாம் வகுப்பு மாணவர்கள் தாங்களாகவே விடையை எட்டிவிடுவார்கள்.

கரையான் இதில் விதிவிலக்கு. அங்கே வேலைக்காரர்களில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ராணியோடு ஒரு ராஜாவும் வாழ்நாள் முழுதும் உடனிருக்கும். கரையானை 'வெள்ளை எறும்பு' என்று ஆங்கிலத்தில் சொல்வதால் எறும்பின் உறவு என்றே பலர் நினைக்கிறார்கள். அதன் நெருங்கிய உறவு கரப்பான்பூச்சி.

திருத்துவதற்கு எல்லாவற்றையும் விடக் கடினமானது மகுடம். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும்.

அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் நினைத்தார்

தேன்கூட்டில் பெரிய தேனீ ஒன்று இருப்பதை மனிதர் வெகுகாலமாக அறிவர். அது கூட்டத்தின் தலைவன், அரசன் என்றே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதினார். அடுத்து வந்த பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் அதுவே வழக்காக இருந்தது. 1609இல் சார்லஸ் பட்லர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் தேனீக்கள் குறித்து ஒரு நூல் வெளியிட்டு, அது அரசன் அல்ல, அரசி என்றார். அதே நூற்றாண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்வாமர்டாம் அந்தத் தேனீயை நுண்ணோக்கியின் கீழ் அறுத்துப் பார்த்தார். உள்ளே சினைப்பைகள் இருந்தன. அரசன் என்ற எண்ணம் அதோடு முடிந்தது.

ஆனால் கவனியுங்கள்: பால்தான் மாறியது, பதவி மாறவில்லை. அரசர் ஆண்ட நாடுகளில் வாழ்ந்தவர்கள் தேன்கூட்டிலும் ஓர் அரசரைக் கண்டார்கள். அரசரில்லாத நாட்டில் பிறந்த நம் மாணவரும் அதே மகுடத்தை வரைகிறார் என்றால், அதற்குக் காரணம் 'ராணி' என்ற சொல்தான். மாணவரின் பிழையைச் சுட்டுமுன் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெரிய பெரிய அறிஞர்கள் செய்த பிழையைத்தான் தாமும் செய்திருக்கிறோம் என்று அறிந்தால் எந்தக் குழந்தைக்கும் வெட்கம் இருக்காது.

உண்மையில் ராணி என்ன செய்கிறது? முட்டையிடுகிறது. தன் உடலிலிருந்து ஃபெரோமோன் எனப்படும் மணப்பொருளைச் சுரக்கிறது. 'ராணி இருக்கிறது' என்ற செய்தி அந்த மணத்தின் வழியே கூடு முழுவதும் பரவுகிறது. வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைக்கு எந்தப் பூவுக்குப் போவது, எங்கே புதிய அடை கட்டுவது, யார் காவல் நிற்பது ஆகிய எதையும் ராணி முடிவு செய்வதில்லை. நல்ல பூந்தோட்டம் கண்டு திரும்பிய தேனீ அடையின் மேல் ஆடும் ஆட்டம் அது இருக்கும் திசையையும் தொலைவையும் மற்ற தேனீக்களுக்குச் சொல்கிறது. இதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். அந்தச் செய்தி ராணியின் வழியாகப் போவதில்லை. ஆடும் தேனீயிடமிருந்து அருகில் நிற்கும் தேனீக்கு நேராகப் போகிறது.

கூடு பிரிந்து புதிய இடம் தேடும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லின்டாவரும், பிறகு அமெரிக்காவில் தாமஸ் சீலியும் இதை நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். மரக்கிளையில் கொத்தாகத் தொங்கும் கூட்டத்திலிருந்து சில நூறு தேனீக்கள் பொந்து தேடிப் போகின்றன. திரும்பி வந்து, தாம் கண்ட இடத்துக்காக ஆடுகின்றன. நல்ல இடத்தைக் கண்டது நெடுநேரம் ஆடும். சுமாரான இடத்தைக் கண்டது விரைவில் நிறுத்திவிடும். ஆட்டத்தைப் பார்த்த மற்றவை நேரில் போய்ச் சோதித்துவிட்டு வருகின்றன. ஏதோ ஓர் இடத்தில் போதிய எண்ணிக்கை சேர்ந்ததும் கூட்டம் கிளம்புகிறது. ராணி அந்தக் கூட்டத்தோடு பறக்கிறது; இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அதற்குப் பங்கில்லை.

நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் கையருகே இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ராகவேந்திர கடக்கர், ரோபலிடியா மார்ஜினேட்டா என்ற காகிதக் குளவியைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். சன்னல் மேடையின் அடியிலும் கட்டடச் சந்துகளிலும் சாம்பல் நிறக் காகிதம் போன்ற சிறு கூடு கட்டுமே, அந்த வகைதான். ஒவ்வொரு குளவிக்கும் வண்ணப் புள்ளி வைத்து அடையாளம் கண்டு, யார் என்ன செய்கிறார்கள் என்று அவரும் அவர் மாணவர்களும் குறித்துவந்தார்கள். இந்தக் குளவிக் கூட்டின் ராணி மற்றவற்றை அதட்டுவதோ விரட்டுவதோ இல்லை. பார்த்தால் மிகச் சாதுவாகத் தெரியும். ராணியை எடுத்துவிட்டால் வேலைக்காரக் குளவிகளில் ஒன்று சில நிமிடங்களிலேயே முரட்டுத்தனம் காட்டத் தொடங்குகிறது. சில நாள்களில் முட்டையிட்டு ராணியாகிவிடுகிறது. பிறகு அதுவும் சாதுவாகிவிடுகிறது. அடுத்து ராணியாகப் போவது எது என்று ஆய்வாளர்களால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஆனால் குளவிகளுக்குள் அது தெரிந்திருப்பதாகவே தோன்றுகிறது. ஏனென்றால் மற்றவை அதனோடு சண்டைக்குப் போவதில்லை.

'சாதி' என்ற சொல்

தேன்கூட்டில் ராணி, வேலைக்காரி, ஆண் என்று இருக்கும் பிரிவுகளை உயிரியலார் ஆங்கிலத்தில் 'காஸ்ட்' என்பார்கள். அதை அப்படியே 'சாதி' என்று பெயர்த்துச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாடம் நடத்தும்போது இந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. 'பிரிவு' என்றோ 'பணிவகை' என்றோ சொல்லலாம். இது வெறும் நாகரிகம் கருதிச் சொல்வதன்று. நம் ஊரில் 'சாதி' என்ற சொல்லோடு, பிறப்பிலேயே இன்னாருக்கு இன்ன வேலை என்ற பொருளும் சேர்ந்தே வருகிறது. 'தேனீயிலேயே சாதி இருக்கு பாருங்க, அது இயற்கை' என்று ஒரு மாணவர் வகுப்பில் சொல்லிவிட்டால், பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு மாணவர் அதை எப்படிக் கேட்பார் என்று யோசிக்க வேண்டும்.

அறிவியலும் அந்தப் பொருளுக்கு இடம் தருவதில்லை. ராணியாகப் போகும் முட்டையும் வேலைக்காரியாகப் போகும் முட்டையும் ஒரே வகை. கருவுற்ற முட்டை எதுவாக இருந்தாலும் பெண். கருவுறாத முட்டை ஆண். பெண் புழுவுக்கு முதல் சில நாள்கள் ஒரே உணவுதான். பிறகு, பெரிய அறையில் இருக்கும் புழுவுக்கு மட்டும் 'ராயல் ஜெல்லி' எனப்படும் தேனீப்பால் தொடர்ந்து கிடைக்கிறது. மற்றவற்றுக்கு மகரந்தமும் தேனும் கலந்த உணவு. இத்தாலியத் தேனீயில் முதலது 16 நாளில் ராணியாக வெளிவரும், மற்றது 21 நாளில் வேலைக்காரியாக வெளிவரும். இந்த வேறுபாட்டை உண்டாக்குவது உணவே.

அந்த வேலைக்காரியும் ஒரே வேலையில் கட்டிப்போடப்பட்டதன்று. வெளிவந்த முதல் நாள்களில் அறைகளைத் துப்புரவாக்கும். பிறகு புழுக்களுக்கு ஊட்டும். பிறகு மெழுகு சுரந்து அடை கட்டும், வாசலில் காவல் நிற்கும். கடைசி வாரங்களில்தான் பூக்களைத் தேடிப் போகும். நாம் முருங்கைப் பூவில் பார்க்கும் தேனீ தன் வாழ்வின் முதிய பருவத்தில் இருக்கிறது. கூட்டில் ஊட்டுபவை திடீரெனக் குறைந்துவிட்டால், வெளியே போய்வந்த தேனீக்கள் சில மீண்டும் ஊட்டும் வேலைக்குத் திரும்புவதும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. மறுபக்கம் சாய்ந்து, 'பார்த்தீர்களா, தேனீக்களிடம் மக்களாட்சி இருக்கிறது, நாமும் அவற்றிடம் கற்க வேண்டும்' என்று முடித்துவிடுகிற ஆசை நமக்கு வரும். வளர்ந்துவிட்ட வேலைக்காரத் தேனீ ராணியாக மாற முடியாது என்பதும் உண்மை. ஆண் தேனீக்களைப் பஞ்ச காலத்தில் கூட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்பதும் உண்மை. மனிதர் எப்படி வாழ வேண்டும் என்பதை முடிவு செய்யக் குடிமையியல் பாடம் இருக்கிறது. அறிவியல் வகுப்பில் தேனீயைத் தேனீயாகவே பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்பில் தேனீ வளர்ப்பைப் படிக்கும்போது, மாணவர்கள் இந்தத் தெளிவோடு வந்தால் அந்தப் பாடம் எளிதாகும்.

பாட்டி சொன்னவற்றில் எது சரி?

ஊர் வழக்குகளை மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ளிவிடக் கூடாது. அவற்றில் கூர்மையான கவனிப்பு ஒளிந்திருக்கிறது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்ற பழமொழியை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களோ 'பாம்புப் புற்று' என்றே எழுதுவார்கள். பாம்பே அதைக் கட்டியது என்றும் சிலர் நினைப்பார்கள். மண்ணைத் தோண்டிச் சுவர் எழுப்பப் பாம்புக்குக் கையும் இல்லை, அதற்கேற்ற வாயும் இல்லை. பழமொழியைச் சொல்லி, கட்டியது யார், குடிவந்தது யார் என்று கேட்டால் விடை அதிலேயே இருக்கும். மழைக்குப் பின் புற்றின் மேல் முளைக்கும் புற்றுக்காளானைக் கிராமத்துப் பிள்ளைகள் பறித்துச் சமைத்துச் சாப்பிட்டிருப்பார்கள். கரையான் தன் உணவுக்காகப் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையே வெளியே குடை விரிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அந்த வகுப்பு மறக்காது. கரையானும் ஓர் உழவர் என்பது மாணவர்களுக்குப் பிடித்துப்போகும்.

ஈசலுக்கு ஒருநாள் வாழ்வு என்பார்கள். பல மாணவர்கள் ஈசலைத் தனிப் பூச்சி என்றே நினைக்கிறார்கள். அது சிறகு முளைத்த கரையான். முதல் மழைக்குப் பின் புற்றிலிருந்து கிளம்பும் ஆயிரக்கணக்கான ஈசல்களில் பெரும்பாலானவை பறவைக்கும் பல்லிக்கும் தவளைக்கும் இரையாகின்றன. வறுத்துத் தின்ன நாமும் பிடிக்கிறோம். தப்பிய ஓர் இணை சிறகை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் புகுந்தால், அவை புதிய புற்றின் ராஜாவும் ராணியும் ஆகிப் பல ஆண்டுகள் வாழும். விளக்கடியில் கிடக்கும் சிறகுகள் செத்ததன் அடையாளம் மட்டும் அல்ல. எறும்பிலும் சிறகு முளைத்தவை உண்டு. பிரித்தறிய எளிய வழி: ஈசலின் நான்கு சிறகுகளும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்கியிராது. எறும்பில் முன்சிறகு பெரிது, இடை மெலிந்திருக்கும், உணர்கொம்பு முழங்கை போல மடிந்திருக்கும்.

எறும்பு தூக்கிப் போகும் வெள்ளைப் பொருளை எல்லாரும் 'முட்டை' என்கிறோம். எறும்பின் முட்டை கண்ணுக்குத் தெரிவதே அரிது. நாம் பார்ப்பவை பெரும்பாலும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான். முசுறு எறும்பு இலைகளைத் தைத்துக் கூடு கட்டுவதும் இந்தப் புழுவை வைத்துத்தான். வளர்ந்த எறும்புக்கு இழை நூற்க வராது. எனவே சில எறும்புகள் இலை விளிம்புகளை இழுத்துப் பிடித்துக்கொள்ள, சில எறும்புகள் புழுவை வாயில் பிடித்து இலைக்கு இலை மாற்றி மாற்றித் தொடுகின்றன; புழு இழையை விடுகிறது. குழந்தையைத் தையல் ஊசியாகப் பிடித்துத் தைப்பது போல என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும், ஆனால் சரியாகப் புரிந்துகொள்ளும்.

குளவி, புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போல் ஆக்கிவிடும் என்பது இன்னொன்று. சொற்பொழிவுகளில் உவமையாகச் சொல்வார்கள். உவமை என்ற அளவில் அது இருக்கட்டும். சுவரில் மண்கூடு கட்டும் அந்தக் குளவி சமூகப் பூச்சியே அன்று, தனியாள். புழுவையோ சிலந்தியையோ கொட்டிச் செயலிழக்கச் செய்து, கூட்டில் அடைத்து, அதோடு ஒரு முட்டையிட்டு மூடிவிடும். முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சுக்கு அதுவே உணவு. வெளியே வரும் குளவி, முட்டையிலிருந்து வந்ததுதான்.

எறும்புக்கு ஓய்வே கிடையாது என்பதும் சரியன்று. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஒருவகைச் சிற்றெறும்பின் ஒவ்வொரு வேலைக்காரிக்கும் வண்ணம் தீட்டிக் கவனித்தார்கள். ஏறத்தாழ 40 விழுக்காடு எறும்புகள் பெரும்பாலான நேரம் சும்மாவே இருந்ததாக 2015இல் எழுதினார்கள். நாம் வெளியே பார்ப்பது வேலைக்கு வந்தவற்றை மட்டும்தான். மதிய வேளையில் தூங்கி விழும் மாணவர்களுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும்.

அச்சம்

தேனீ நல்லது, குளவி கெட்டது என்ற எண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 2018இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் 700க்கும் மேற்பட்டவர்களிடம், ஒவ்வொரு பூச்சியின் பெயரையும் கேட்டதும் மனத்தில் தோன்றும் சொற்களை எழுதச் சொன்னார்கள். தேனீக்குத் தேன், பூ என்று வந்தது. குளவிக்குக் கொட்டும், ஆபத்து, தொல்லை என்று வந்தது. குளவி எத்தனையோ பயிர்ப்புழுக்களைப் பிடித்துத் தின்கிறது என்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வகுப்பில் இதே சொல்விளையாட்டை ஐந்து நிமிடத்தில் நடத்திவிடலாம். தேனீ, எறும்பு, கரையான், குளவி என நான்கு பத்திகள் போதும்.

அச்சத்தைக் கேலி செய்யக் கூடாது. கதண்டு என்றும் விஷ வண்டு என்றும் சொல்லப்படும் பெருங்குளவிகள் கூட்டமாகக் கொட்டினால் உயிரே போகும். பள்ளி வளாகத்து மரத்திலோ தண்ணீர்த் தொட்டியிலோ அந்தக் கூட்டையோ மலைத்தேனீ அடையையோ கண்டால், கல்லெறிவதும் தீப்பந்தம் காட்டுவதும் கூடவே கூடாது. தீயணைப்பு மீட்புப் பணித்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். தேனீ கொட்டும்போது வெளிப்படும் மணம் மற்ற தேனீக்களையும் அழைத்துவிடும். எனவே ஒன்று கொட்டியதும் அங்கேயே நின்று கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடி, மூடிய அறைக்குள் போக வேண்டும். தேனீயின் கொடுக்கு தோலில் தங்கிவிடும். எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிராமல் உடனே எடுத்துவிட வேண்டும், ஏனெனில் அது தங்கியிருக்கும் ஒவ்வொரு நொடியும் நஞ்சு இறங்கும். குளவிக்கு அப்படியன்று, அது திரும்பத் திரும்பக் கொட்டும். மூச்சுத் திணறல், முக வீக்கம், உடம்பெங்கும் தடிப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், பல இடங்களில் கொட்டியிருந்தாலும் சுண்ணாம்பு தடவிக் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

இதோடு, கொட்டவே தெரியாத தேனீயும் நம் ஊரில் உண்டு என்று காட்டுங்கள். பழைய சுவர் ஓட்டையிலும் மரப்பொந்திலும் மெழுகுக் குழாய் போல வாசல் வைத்து வாழும் கொசுத்தேனீ அது. பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

இரண்டு செயல்பாடுகள்

முதலாவது, வரிசையைத் துடைத்தல். பள்ளிச் சுவரோரம் எறும்புகள் சாரை போகும் இடத்தில் நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாக மாணவர்களை உட்கார வையுங்கள். கடிக்காத சிறு கறுப்பு எறும்பாக இருந்தால் நல்லது. ஒரு குறிப்பிட்ட புள்ளியை ஒரு நிமிடத்தில் எத்தனை எறும்புகள் கடக்கின்றன என்று எண்ணிக் குறிக்கட்டும். பிறகு ஈர விரலால் வரிசையின் குறுக்கே ஒரே ஒரு கோடு துடைக்கட்டும். எறும்புகள் அந்த இடத்தில் வந்து தடுமாறும், திரும்பும், பக்கவாட்டில் தேடும். சற்று நேரத்தில் ஏதோ ஒன்று கடந்துவிட, வரிசை மீண்டும் சேரும். அதற்கு எத்தனை நிமிடம் ஆனது என்று குறிக்க வேண்டும். பிறகு கேள்விகள்: நாம் துடைத்தது எதை? வரிசையைச் சரிசெய்யச் சொன்னது யார்? ராணி இருப்பது மண்ணுக்கடியில். அதற்கு இந்தச் செய்தி தெரியுமா? விடையை நாம் சொல்லாமல் இருப்பதுதான் இந்தச் செயல்பாட்டில் ஆசிரியருக்குரிய கடினமான வேலை.

இரண்டாவது, புளியங்கொட்டை விளையாட்டு. மைதானத்தில் ஒரு தொடக்கக் கோடு. அங்கிருந்து கொடிக்கம்பத்துக்குப் போய்வர இரண்டு பாதைகள். ஒன்று நேர்வழி, மற்றது இருமடங்கு சுற்றுவழி. கோட்டருகே பாதைக்கு ஒன்றாக இரண்டு கிண்ணங்கள். யாரும் பேசக் கூடாது. எல்லாரும் குதிகாலை விரலோடு சேர்த்து ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். போய்த் திரும்பியவர் தாம் வந்த பாதைக்குரிய கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை போடுவார். கிளம்புகிறவர் எந்தக் கிண்ணத்தில் கொட்டை அதிகமோ அந்தப் பாதையில் போவார். சமமாக இருந்தால் விருப்பப்படி. முதலில் கிளம்பும் நான்கு பேரை மட்டும் பாதைக்கு இருவராக அனுப்புங்கள். அடுத்தவர்களைக் கால் நிமிடத்துக்கு ஒருவராக விடுங்கள். நேர்வழியில் போனவர் முதலில் திரும்புவதால் அந்தக் கிண்ணம் முந்திக்கொள்ளும். சில நிமிடங்களில் எல்லாரும் நேர்வழியில் போய்க்கொண்டிருப்பார்கள். 'இதுதான் குறுக்குவழி' என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகர ஆய்வாளர்கள் அர்ஜென்டினா எறும்புகளுக்கு இரண்டு கிளைப் பாலம் வைத்து 1989இல் காட்டியது இதைத்தான்; அங்கே புளியங்கொட்டைக்குப் பதில் ஃபெரோமோன்.

விளையாட்டை இத்துடன் நிறுத்திவிடாதீர்கள். நடுவில் இன்னும் குறுகிய மூன்றாம் பாதை ஒன்றை வரைந்து, அதற்கு ஒரு வெறுங்கிண்ணம் வையுங்கள். விதிப்படி யாரும் அதில் போக மாட்டார்கள். "சார், அதுதானே கிட்ட! ஏன் போகக் கூடாது?" என்று மாணவர்கள் கத்துவார்கள். தலைவர் இல்லாத ஒழுங்கு எப்போதும் சிறந்த விடையைத் தந்துவிடாது என்பதை அவர்கள் காலாலேயே உணர்ந்துவிட்டார்கள். எறும்பின் மணம் நேரம் போகப் போக ஆவியாகிவிடும் என்றும், சில எறும்புகள் வரிசையை விட்டு வழிதவறி அலையும் என்றும் இப்போது சொல்லுங்கள். பழைய கிண்ணத்திலிருந்து அவ்வப்போது சில கொட்டைகளை எடுத்துவிடலாமா? ஐந்தில் ஒருவர் விதியை மீறலாமா? மாணவர்களே புது விதிகளை உருவாக்கி ஆடிப் பார்க்கட்டும்.

ஒரு மாதம் கழித்து முன்பு வரைந்த அதே படத்தைப் புதிய தாளில் வரையச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்து மாணவர்களே ஒப்பிடட்டும். சிலர் மகுடத்தை விட்டிருப்பார்கள். சிலர் நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டு மகுடத்தை வைத்திருப்பார்கள். அவர்களிடம் காரணம் கேளுங்கள். அப்படியானால் ராணி என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்வார். அந்தத் தேனீக்கு வேறு என்ன பெயர் வைக்கலாம் என்று வகுப்பையே கேட்டு, வரும் பெயர்களையெல்லாம் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் பொருந்துமா என்று விவாதிக்க விடுங்கள். அதற்கு ஒரு பாடவேளை முழுதும் ஒதுக்கலாம்.